சித்திரக்குள்ளர் கோட்டையும் சனிக்கிழமை வகுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில், எங்கள் வீட்டு மாடி அறையில், சனிக்கிழமை சாயங்காலங்களில் பதினான்கு பிள்ளைகளோடு ஒரு கணினி விளையாட்டை ஆடிவருகிறேன். எல்லாரும் ஏழாவது முதல் ஒன்பதாவது வரை படிப்பவர்கள். நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவள். "டியூஷன்னு அனுப்பினா அங்க கேம் ஆடுறாங்களாமே?" என்று படியேறி வந்து கேட்ட அம்மாக்களுக்கும், வாட்ஸ்அப்பில் நள்ளிரவு கேட்ட அப்பாக்களுக்கும், "நானும் என் வகுப்பில் செய்து பார்க்கலாமா?" என்று கேட்ட சக ஆசிரியர்களுக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் இந்தப் பக்கம்.

அப்படி என்ன விளையாட்டு அது?

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். பிள்ளைகள் வைத்த பெயர் சித்திரக்குள்ளர் கோட்டை. ஏழு சித்திரக்குள்ளர்கள் ஒரு வண்டி, கொஞ்சம் விதை, பாறை வெட்ட இரண்டு குந்தாலி என்று ஒரு மலையடிவாரத்தில் வந்து இறங்குவார்கள். குடைந்து, விதைத்து, சமைத்து, வியாபாரம் செய்து அவர்களைப் பிழைக்க வைக்க வேண்டும். நீங்கள் யாரையும் நேரடியாக நடக்க வைக்க முடியாது. "இங்கே தோண்டு" என்று குறி போடலாம், அவ்வளவுதான். யாருக்குத் தோதுப்படுகிறதோ அவர் வந்து தோண்டுவார். தோதுப்படாவிட்டால் சாப்பிடப் போய்விடுவார்.

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி 2002-இல் இதை எழுதத் தொடங்கினார்கள். தம்பி டார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2006 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. அதன் பிறகு பதினாறு வருஷம் ரசிகர்கள் அனுப்பிய நன்கொடையில்தான் வேலை நடந்தது. அதுவரை திரையில் படமே கிடையாது, எல்லாம் எழுத்தும் குறியும்தான். பூனைக்கு ஒரு எழுத்து, நாய்க்கு ஒரு எழுத்து. 2022 டிசம்பரில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் படங்களோடும் மவுஸோடும் காசுக்கு வந்தது. பழைய இலவசப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலில் சேகரித்த பதினான்கு வீடியோ விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

இதில் ஜெயிப்பது எப்படி?

ஜெயிக்க முடியாது. எல்லாக் கோட்டையும் ஒருநாள் விழும், அல்லது உங்களுக்கு அலுத்துப்போகும். "தோற்பதும் ஒரு குஷி" என்பதுதான் இதை ஆடுபவர்களின் தாரக மந்திரம்.

இதைக் கேட்டதும் ஒரு அப்பா, "அப்போ எதுக்கு மேடம் ஆடணும்?" என்றார். சரியான கேள்விதான். ஆனால் ஒரு கோட்டை விழும்போது அது ஏன் விழுந்தது என்று பின்னோக்கித் தேடிப்போனால் காரணம் அகப்படும். பெரும்பாலான விளையாட்டுகளில் அப்படி அகப்படாது. எதிரி வந்தான், நாம் செத்தோம், மறுபடி ஆரம்பி. இங்கே குளிர்காலத்தில் தாகத்தால் செத்த குள்ளனின் கதை போன வசந்தத்தில் எவனோ வெட்டாமல் விட்ட ஒரு படிக்கட்டில் தொடங்கியிருக்கும். நான் இதை வகுப்புக்குள் கொண்டுவந்ததற்கு அந்தத் தேடல்தான் காரணம்.

நானும் வாங்கினேன். இரண்டு மணி நேரம் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. ரசிப்பது எங்கே?

எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் கோட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது செத்தே தீரும்.

உலகத்தை உருவாக்கும்போது மிகச் சின்ன அளவைத் தேர்ந்தெடுங்கள், நூறு வருஷ வரலாறு போதும். பெரிய உலகம் என்றால் மடிக்கணினி மூச்சு வாங்கும். இறங்கும் இடத்தில் மரமும் ஆறும் இருக்கட்டும், மிதமான வெப்பநிலை இருக்கட்டும். மலைச்சரிவில் ஒரே ஒரு நடை வெட்டி உள்ளே போங்கள். மண் அடுக்கிலேயே ஒரு சின்ன வயல், அதில் ஊதா நிறக் காளான். அது பச்சையாகத் தின்னவும் ஆகும், மது காய்ச்சவும் ஆகும். வாசலுக்கு ஒரு கதவு. இலையுதிர்காலத்தில் உங்கள் நாட்டு வணிகர்கள் வருவார்கள், அதற்குள் ஒரு சந்தைத் திடலைப் போட்டுவிடுங்கள். அந்த முதல் வண்டி வந்து, நீங்கள் கல்லில் செய்த உருப்படாத சொப்புகளுக்குப் பதிலாக அவர்கள் தானிய மூட்டையை இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள், மாசக் கடைசியில் சம்பளம் ஏறிய எஸ்எம்எஸ் மாதிரி.

அப்புறம் விளையாட்டை நிறுத்திவைத்து ஒவ்வொரு குள்ளராகச் சொடுக்கி அவர் மனசில் ஓடுவதைப் படியுங்கள். யாருக்கு மழையில் நனைந்தது பிடிக்கவில்லை, யாருக்கு எந்தக் கல்லின் மேல் ஆசை, யார் யாரோடு பேசிப் பேசி சிநேகமானார்கள். எல்லாம் அங்கே எழுதியிருக்கும். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது அப்படிப் படித்தபோதுதான், தோண்டியபோது அல்ல.

என் பையன் சாப்பிடும்போது "சிப்பி ஓடு இல்லாம போச்சே" என்று புலம்புகிறான். என்ன ஆயிற்று?

மன்னிக்கவும். போன மாசம் நடந்தது அது.

இந்த விளையாட்டில் எப்போதாவது ஒரு குள்ளருக்கு ஆவேசம் வரும், நம் ஊரில் சாமி வருகிற மாதிரி. ஒரு பட்டறையைப் பிடித்துக்கொண்டு, மனசில் தோன்றிய ஒரு பொருளைச் செய்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிடுவார். இன்னின்ன பொருள் வேண்டும் என்று கேட்பார். கொடுத்துவிட்டால் பேர் சொல்லும் ஒரு கலைப்பொருள் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் புத்தி பேதலித்துவிடும். எங்கள் கோட்டையின் தச்சர் கேட்டது சிப்பி, ஆமை மாதிரி ஏதாவது ஒன்றின் ஓடு. எங்களிடம் இரும்பு இருந்தது, வெள்ளி இருந்தது, முந்நூறு கல் இருந்தது. ஓடு இல்லை. மீன்பிடிப்பதை "வேஸ்ட்" என்று முதல் வாரமே ஓட்டுப் போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

அவசரமாக இரண்டு பேரை ஆற்றுக்கு அனுப்பினோம். குளத்தாமை அகப்பட்டால் போதும். வகுப்பு முடிய பத்து நிமிஷம் இருந்தது, அறையில் சத்தமே இல்லை. ஆமை அகப்படவில்லை. தச்சர் எழுந்து, சோகத்தில் சாப்பாட்டை விட்டார். மீன்பிடிக்க வேண்டாம் என்று கை தூக்கிய உங்கள் பையனுக்கு அது மனசை அறுக்கிறது போலிருக்கிறது. அடுத்த கோட்டையில் மீனவரை நியமித்தது அவன்தான்.

பாடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிலவியலில் நிறைய. இந்த விளையாட்டின் பூமி அடுக்கடுக்காக இருக்கிறது. படிவுப் பாறை, தீப்பாறை, உருமாறிய பாறை. எந்தக் கனிமம் எந்தப் பாறையில் கிடைக்கும் என்பது பெரும்பாலும் நிஜத்தை ஒட்டியே இருக்கும். நிலக்கரி வேண்டுமானால் படிவுப் பாறையைத் தேட வேண்டும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இந்த மூன்று பெயரையும் மனப்பாடம் செய்து கக்கிய பிள்ளைகள், "மிஸ், இது நைஸ் பாறை, இங்க கரி கிடைக்காது, வேற இடம் பார்க்கலாம்" என்று சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். (நைஸ் என்பது உருமாறிய பாறையில் ஒரு வகை.)

அந்தச் சண்டைக்கு அடுத்த ஞாயிறு எல்லாரையும் லால்பாக் கூட்டிப்போனேன். கெம்பேகௌடா மண்டபம் நிற்கிறதே, அந்தப் பாறை நைஸ்தான். சுமார் 300 கோடி வருஷப் பழசு. சின்ன வயசில் அதன்மேல் சறுக்கி விளையாடிய நமக்கு அது வெறும் பாறை. பிள்ளைகள் குனிந்து அதன் வரிகளைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "இதுக்குக் கீழ என்ன அடுக்கு மிஸ்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக மெட்ரோ டிக்கெட் காசு தகும்.

எஃகு இன்னொன்று. இரும்புத் தாதுவை உருக்குவதோடு வேலை முடியாது. கரி வேண்டும், அதோடு சுண்ணாம்புக்கல், டாலமைட், பளிங்கு என்று ஏதாவது ஒரு இளக்கி வேண்டும். ஊதுலையில் சுண்ணாம்புக்கல் எதற்கு என்ற பத்து மதிப்பெண் கேள்வி இங்கே உயிர்ப் பிரச்சினை. இளக்கி எதுவுமே இல்லாத இடத்தில் இறங்கினால் சொந்தமாக எஃகு வாளே அடிக்க முடியாது. (உருக்கு நம் ஊர்ச் சரக்கு என்பதையும் இந்தச் சாக்கில் சொன்னேன். ஈரோடு பக்கம் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது.)

கணக்கும் உண்டு. விளையாட்டின் பொருள் விவரங்கள் எல்லாம் சாதாரண உரைக்கோப்பாக இருக்கின்றன, நோட்பேடில் திறந்து படிக்கலாம். அதில் வெப்பநிலைக்குத் தனி அளவு. பாரன்ஹீட்டோடு 9,968-ஐக் கூட்டினால் அந்த அளவு வரும். தண்ணீர் உறைவது 10,000. கொதிப்பது 10,180. கோப்பில் இரும்பின் உருகுநிலை 12,768 என்று இருக்கிறது. 9,968-ஐக் கழித்தால் 2,800 பாரன்ஹீட், அதை செல்சியஸாக மாற்றினால் 1,538. புத்தகத்தைப் புரட்டினார்கள், அதே 1,538. "காப்பி அடிச்சிருக்காங்க மிஸ்!" என்றான் ஒருவன். அன்றைக்குப் பெங்களூரில் 29 டிகிரி. சித்திரக்குள்ளர் கணக்கில் 10,052. அன்று முழுக்க யாரைக் கேட்டாலும், "பத்தாயிரத்து ஐம்பத்திரண்டு, புழுக்கமா இருக்கு."

விளையாட்டு சொல்வதையெல்லாம் பிள்ளைகள் உண்மை என்று நம்பிவிட மாட்டார்களா?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது நான் இல்லை.

வகுப்பில் ஒரு பெண்ணின் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை இருந்தவர். இப்போது மகன் வீட்டில், இங்கேதான். ஒருநாள் பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், ப்ரொஜெக்டரில் ஓடிய கோட்டையைப் பார்த்துக் கதவருகே நின்றுவிட்டார். "உள்ள வாங்க ஐயா" என்றேன். செருப்பை வெளியே விட்டு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்தார்.

திரையில் பிள்ளைகள் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தைக் குடைந்திருந்தார்கள். நடுவில் தூண் கிடையாது. தாத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மேல இருக்கிற பாறையை எது தாங்குது?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். இந்த விளையாட்டில் ஒரு பாறைத் துண்டு ஏதாவது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், விழாது. எவ்வளவு அகலமான கூடமும் நிற்கும். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்து, "காத்து எப்படிக் கீழ போகுது?" போகவில்லை, இந்த விளையாட்டில் காற்று என்ற விஷயமே இல்லை. "ஆழம் போகப் போகச் சுடுமே?" எரிமலைக் குழம்பின் பக்கத்தில் போனால் மட்டும் 'கல் சுடுகிறது' என்று எச்சரிக்கை வந்து தோண்டுவது நிற்கும் என்று அவர் பேத்தி சொன்னாள். அதற்கு மட்டும் தலையாட்டினார். "அது சரி. கையை வெச்சுப் பார்ப்போம்."

அப்புறம் முக்கால் மணி நேரம் விளையாட்டு நின்றுபோனது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கத்தில் கூண்டில் இறங்குவது எப்படி, கீழே குளிர்ந்த காற்றை அனுப்புவது எப்படி, சொல்லாமல் கொள்ளாமல் பாறை வெடித்தால் என்ன சத்தம் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மாரிக்குப்பம் ரயில் ஏறினால் நூறு கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு ஊர் இருந்தது பிள்ளைகளில் பாதிப் பேருக்கு சினிமா வழியாகத்தான் தெரியும்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி எழுதுகிறோம். இடப்பக்கம், விளையாட்டு எதைக் கணக்கில் எடுத்தது. வலப்பக்கம், எதை விட்டுவிட்டது, ஏன் விட்டிருப்பார்கள். தண்ணீர் தன் மட்டம் தேடி மறுபக்கம் ஏறுவது இடப்பக்கம். காற்று வலப்பக்கம். வலப்பக்கத்தில் முதல் பத்து வரி தாத்தா கேட்டவை.

குள்ளர்கள் குடிக்கிறார்களாமே?

குடிக்கிறார்கள். மது இல்லாவிட்டால் வேலையில் சுணங்குவார்கள். விளையாட்டின் மிகப் பழைய நகைச்சுவை இது. எல்லா வீட்டிலும் இது நகைச்சுவை இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது வாரம் எல்லாரும் சிரித்தபோது ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. அதற்கப்புறம் சேரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

தீர்வு பிள்ளைகள் கண்டுபிடித்தது. உரைக்கோப்பில் சித்திரக்குள்ளருக்கு மது கட்டாயம் என்று சொல்லும் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை அழித்தார்கள். பிறகு ஒரே இடத்தில் இரண்டு கோட்டை, ஒன்றில் அந்த வரி உண்டு, மற்றதில் இல்லை. இரண்டிலும் மதுவைக் காய்ச்சவில்லை. மற்றதெல்லாம் முடிந்தவரை ஒன்று. ஒரு வருஷம் ஓட்டி, யார் எவ்வளவு தோண்டினார்கள் என்று எண்ணினோம். மாறியை மாற்றிப் பார்க்கும் சோதனை என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புக்கு மூன்று வருஷமாக விளக்கி வந்தேன். அன்று விளக்கவே இல்லை.

ரத்தம், சண்டை?

உண்டு, பெரும்பாலும் எழுத்தில். குட்டிச்சாத்தான்கள் படையெடுத்து வரும்போது யாருக்கு எங்கே அடிபட்டது என்று விரிவாகவே எழுதும். வகுப்பில் அந்த அறிக்கைகளைத் திறப்பதில்லை. பதினொரு வயசுக்குக் கீழ் சேர்ப்பதும் இல்லை.

வரலாற்றுக்கு இது உதவுமா?

அறிவியலைவிட அதிகம் என்று சில சமயம் தோன்றுகிறது. நீங்கள் ஆடத் தொடங்கும் முன்பே கணினி நூறு வருஷ வரலாற்றை எழுதிவிடும். யார் எங்கே பிறந்தார், எந்தப் போரில் யார் யாரைக் கொன்றார், எந்தக் கலைப்பொருளை எவன் திருடினான். அதைத் தனியே திறந்து படிக்கலாம். ஆனால் எல்லாம் நிகழ்ச்சிகள் மட்டும். 'இந்த ஆண்டு இன்னார் இன்னாரைக் கொன்றார்.' ஏன் என்பதை நாம்தான் கோக்க வேண்டும்.

கல்வெட்டும் அப்படித்தானே? பேகூர் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு 'பெங்களூர்ப் போர்' என்கிறது. யார் செத்தார் என்கிறது. எதற்கு அந்தப் போர்? கல் வாய் திறக்காது. தொம்லூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. (பெயரைப் பார்த்துச் சிவன் கோயில் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே இருப்பது பெருமாள்.) பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிந்து ஒரே இருபது வருஷ நிகழ்ச்சிகளை வைத்து மூன்று வரலாறு எழுதினார்கள். ஒரு குழுவுக்கு அந்த ராணி வீராங்கனை, இன்னொரு குழுவுக்கு நிலத் திருடி. மூன்றிலும் ஆண்டுகள் சரியாகவே இருந்தன.

எத்தனை கணினி வேண்டும்?

ஒன்று, ஒரு ப்ரொஜெக்டர். ஆளுக்கொரு கணினி வைத்தால் பதினான்கு பேரும் தனித்தனியே வாய்மூடி ஆடுவார்கள். ஒரே திரை என்றால்தான் வாதாட வேண்டியிருக்கும். கோட்டையில் ஆள் பெருகப் பெருகப் பழைய கணினி மாட்டுவண்டி ஆகிவிடும், ஐம்பது பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி சேமியுங்கள். ஒரு மழைநாளில் கரண்ட் போய் அரை வருஷ உழைப்பு காணாமல் போனது. ப்ரொஜெக்டரைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்கள்.

மதிப்பெண் ஏறுமா?

அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். பரீட்சை மாசத்தில் வகுப்பே கிடையாது.

பிறகு எதை வைத்து எடைபோடுகிறீர்கள்?

ஒவ்வொரு கோட்டை விழுந்ததும் அதற்கு இறப்புச் சான்றிதழ் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுப்பது மாதிரியே. உடனடிக் காரணம், அதற்குப் பின்னால் இருந்த காரணம், அதற்கும் பின்னால். 'வெள்ளம்' என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினோம், மதகு வைத்தோம், மதகை மூடும் நெம்புகோலை அதோடு இணைக்க மறந்தோம், மறந்ததற்குக் காரணம் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் தூங்கியதற்குக் காரணம் நாம் அவர் ஒருவருக்கே ஆறு வேலை கொடுத்திருந்தோம். இதுவரை போனால் முழு மதிப்பெண்.

மாதிரிக்கு நான் சொல்வது பூனைக் கதை. 2015 டிசம்பரில் மது விடுதிகளைச் சேர்த்து ஒரு பதிப்பு வந்தது. உடனே உலகெங்கும் ஆடியவர்களின் பூனைகள் கும்பலாகச் செத்தன. யாரும் அடிக்கவில்லை. தேடிப் பார்த்தால், விடுதியில் தரையில் மது சிந்துகிறது, பூனை அதன்மேல் நடக்கிறது, பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது. ஒரு தடவை நக்கியதை ஒரு முழுக் குவளை குடித்ததாக நிரல் கணக்கிட்டுவிட்டது. பூனையின் உடம்புக்கு அது விஷம். அதை எழுதியவரே எதிர்பாராத சாவு. சான்றிதழ் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன்.

மைன்கிராஃப்டே போதாதா? பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பே இருக்கிறதே.

கட்டுவதற்கு அது நல்லது, சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. அதை உருவாக்கியவருக்கே இந்த விளையாட்டு ஒரு தூண்டுதல். ஆனால் அங்கே ஊரில் யாருக்கும் மனக்கசப்பு வராது. எனக்கு மனக்கசப்பு வேண்டும்.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. அதனால் ஒரு நன்மை நடந்தது. பிள்ளைகள் சுவரில் ஒரு சொல்பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். தமிழ், கன்னடம் இரண்டிலும் சொல் தேட வேண்டும் என்பது விதி, வகுப்பில் பாதிப் பேருக்குப் பள்ளியில் கன்னடம்தான் இரண்டாம் மொழி. எஃகுக்குத் தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று அரைமணி நேரம் வாதாடினார்கள்.

எங்கள் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தசரா விடுமுறை முடிந்ததும் புதுக் கோட்டை தொடங்கும். இரண்டு இடம் காலியாக இருக்கிறது. கட்டணம் இல்லை, ஒரு நோட்டும் பென்சிலும் போதும். சுரங்கம், கிணறு வெட்டு, கொல்லுப்பட்டறை என்று ஏதாவது தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் ஒருநாள் அழைத்துவாருங்கள். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடி இருக்கிறது.